அத்தோக் கடை அபிப்பிராய பேதம்: ஓர் ஆய்வு

ஒரே தள்ளுவண்டி, ஒரே மாலை, ஒரே மாஸ்டர். இருந்தும் ஒருவர் "பூண்டு வாசனைக்கே காசு குடுக்கலாம்" என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர் "வெறும் புளித்தண்ணி" என்று தட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நிலவிவரும் இந்தக் கருத்து வேற்றுமையைத் தமிழாய்வுலகம் உரிய கவனத்துடன் அணுகவில்லை. பொதுமக்கள் கையில் ஒரு தீர்வு உண்டு: நம்மோடு உடன்படாதவருக்கு நாக்கு செத்துவிட்டது. எளிய தீர்வுதான், ஆனால் ஊரில் பாதிப்பேரை நோயாளியாக்கிவிடுகிறது. இக்கட்டுரையின் துணிபு வேறு. இருவர் நாக்கும் நலமாகவே இருக்கின்றன. அவர்கள் தின்றவைதான் இரு வேறு பண்டங்கள். கடை என்பது வெறும் முகவரி. ருசியைத் தீர்மானிப்பவை வந்த பொழுதும் நின்ற இடமுமே.

முதலில் ஆய்வுப் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1962-ல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தார்கள். கையில் கொண்டுவர முடிந்த சொத்தில், சுங்க அதிகாரி பறிக்க முடியாதது சமையல் ஒன்றுதான். கையால் பிசைந்து தரும் பண்டங்கள் பர்மாவில் ஒரு பெருங்குடும்பம். அங்கே தேயிலையைக்கூடப் பிசைந்து தின்பார்கள். அக்குடும்பத்துப் பிள்ளைதான் அத்தோ. செம்மஞ்சள் நிற நூடுல்ஸ், பொடியாய் அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரிப்பு. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மாஸ்டர் பிசைந்து தட்டில் தள்ளுவார். துணைக்கு, மொய்ங்கா என்ற பெயரில், வாழைத்தண்டு சூப். அளவுகோல் எதுவும் கிடையாது. இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். 1986-ல் லண்டன் எக்கானமிஸ்ட் இதழ், நாடுகளின் நாணய மதிப்பை ஒப்பிட மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கரின் விலையை அளவாக எடுத்தது. உலகெங்கும் அது ஏறத்தாழ ஒரே பண்டம் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. அத்தோவை வைத்து அப்படி ஒரு குறியீடு போட முயன்றால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரு ஓரங்களுக்கிடையிலேயே நாணய மாற்று விகிதம் தேவைப்படும்.

இனி சான்றுகள். முதற்சான்று சூப் அண்டா. மாலையில் அடுப்பேற்றும்போது எண்ணெயும் பொரித்த வெங்காய வாசனையும் மேலே மிதக்கின்றன. முதலில் வருபவரின் கரண்டியில் ஏறுவது இந்த மேல்தட்டுதான். கூட்டம் சேரச் சேர அண்டா இறங்குகிறது, வெந்நீர் இறங்குகிறது. நடுப்பொழுதில் வருபவருக்குக் கிடைப்பது சூப்பின் நினைவு. கடைசியில் வருபவருக்கோ அடியில் தங்கிய கடலைமாவும் குழைந்த வாழைத்தண்டும் குழம்பு பதத்தில் வாய்க்கின்றன. ஆக, ஒரே அண்டாவிலிருந்து மணமான சூப், தண்ணீர், கூழ் என மூன்று பண்டங்கள் ஒரே விலையில் விற்கப்படுகின்றன. இரண்டாம் சான்று பேஜோ. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறும். ஈரம் சுமந்துவரும் அந்தக் காற்றுக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் தடையே இல்லை. கடலைமாவில் பொரித்த எதுவும் ஈரத்தைக் கண்டால் கூச்சமின்றி உறிஞ்சிக்கொள்ளும். எனவே மொறுமொறுப்பு என்பது மாஸ்டரின் திறமை அல்ல, டப்பா மூடியின் ஒழுக்கம். வண்டிக்குக் கிழக்கே, காற்றை மறித்து ஒரு கண்டெய்னர் லாரி நின்றால் அன்றைய பேஜோ காப்பாற்றப்பட்டது. லாரி நகர்ந்தால் போயிற்று.

தொல்காப்பியம் அன்றே நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. கடல் சார்ந்த நெய்தலுக்கு அது வகுத்த சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். அத்தோ வண்டிகள் அடுப்பு மூட்டும் நேரமும் அதுவே. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். வடசென்னையில் எந்த அத்தோக் கடையைப் பற்றி விசாரித்தாலும் முதலில் வரும் பதில் "முன்ன மாதிரி இல்ல" என்பதைக் கவனிக்க. இது குறையல்ல, திணை மரபு.

பரபக்கத்தார் வாதங்களுக்கு வருவோம். வாடிக்கையாளர் முகம் பார்த்து மாஸ்டர் பூண்டு போடுகிறார், பொழுதல்ல பழக்கமே காரணம் என்பது முதல் வாதம். வழக்கமாக வருபவருக்கு நல்ல அத்தோ கிடைப்பது உண்மையே. ஆனால் அவர் ஏன் வழக்கமாக வருபவரானார்? ஷிஃப்ட் முடிந்து தினமும் ஒரே நேரத்தில், அண்டாவின் ஒரே தட்டில் கரண்டி விழும்போது வந்து நிற்கிறார். அந்தத் தட்டு பிடிக்காதவர்கள் முன்பே வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அசோக் லேலண்டிலோ மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ ஷிஃப்ட் மாறினால், அதே மாஸ்டரிடம் அதே மனிதர் "என்னண்ணா, கை மாறிடுச்சா?" என்று கேட்பார். மாறியது கையல்ல, கடிகாரம். மாஸ்டர் அவ்வப்போது கூடுதலாக ஒரு சிட்டிகை பூண்டு போடுகிறார் என்பதை மறுக்கவில்லை. அண்டாவின் முன் ஒரு சிட்டிகை எம்மாத்திரம்?

காசிமேட்டுக்காரர்கள் எழுப்புவது இரண்டாவது வாதம்: மீன் போடாத சூப்பை மொய்ங்கா என்பதே மோசடி, அதனால் வரும் அதிருப்திக்குப் பொழுது என்ன செய்யும்? பர்மாவில் அது மீன் சூப்தான். வாழைத்தண்டு அதில் துணைப்பொருள். இங்கே பல வண்டிகளில் துணை நிலைத்தது, தலைவன் காணாமல் போனான். ஆயினும் இந்த அதிருப்தி எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருக்கிறது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை விளக்க முடியாது என்பது தர்க்கத்தின் பாலபாடம்.

மூன்றாவது வாதம்தான் வலியது. பார்சல் வாங்குபவர் எங்கும் நிற்பதில்லை. இருவர் ஒரே நேரத்தில் வாங்கினாலும் வீட்டில் பிரிக்கும்போது வேறு வேறு தீர்ப்பு சொல்கிறார்கள். நிலமும் பொழுதுமே காரணம் என்றால் இது எப்படி? பார்சலில் பொழுது நின்றுவிடுகிறது என்று இவ்வாதம் கருதுவதே பிழை. கட்டிய நொடியிலிருந்து நூடுல்ஸ் புளித்தண்ணீரைக் குடிக்கத் தொடங்குகிறது. முட்டைகோஸ் உப்புப் பட்டு நீர் விடுகிறது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், ரயிலேறியவரின் பொட்டலம் சீக்கிரம் வீடு சேர்கிறது. பைக்கில் போனவரின் பொட்டலம் லாரி வரிசைக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருக்கிறது. பார்சல் அத்தோ பற்றிய எந்தக் கருத்தும் உண்மையில் சாலைப் போக்குவரத்து பற்றிய கருத்தே. அது மாநகரக் காவல்துறையின் கவனத்துக்கு உரியது.

எஞ்சுவது ஓர் ஐயம். மாலை முழுதும் அண்டாவின் மூன்று தட்டுகளையும் ருசித்து ஒப்பிட்ட சாட்சி எவரேனும் உண்டா? வாடிக்கையாளரால் இயலாது, மூன்றாம் தட்டு வருவதற்குள் வயிறு நிரம்பிவிடும். தகுதியுள்ள ஒரே சாட்சி மாஸ்டர்தான். அவரோ, வண்டியைத் துடைத்து மூடியபின், எதிர்க்கடையில் நாலு இட்லி கட்டச் சொல்கிறார்.