மாதிரி இயல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நிலம் ஐந்து. ஐந்தும் பாலாற்றுப் படுகையன. ஆற்றில் தண்ணீர் காணாமையால் ஐந்தையும் பாலை என்று கொள்க. கருப்பொருள் தோல். உரிப்பொருள், வெளிநாட்டுப் பையரின் மெயிலுக்குக் காத்திருத்தல்.

இனி மாதிரியாவது யாதெனின், ஷூ போலத் தோன்றி ஷூ ஆகாதது. மற்ற ஊர்களில் 'மாதிரி ஷூ' வேறு, 'ஷூ மாதிரி' வேறு. சாம்பிள் ரூமில் இரண்டும் ஒன்றே. அற்றேல், காலில் போட்டு நடக்கலாமே எனின், நடக்கலாகாது. பெரும்பாலும் ஒற்றைக் காலுக்கே செய்யப்படுதலின் என்க.

மாதிரிகளைத் தோலால் பிரிப்பாரும் வடிவால் பிரிப்பாரும் உளர். அவர் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவர் அல்லர். யார் கையெழுத்துக்காகப் பிறந்தது என்று பார்த்துப் பிரிப்பதே முறை.

முதலாவது, முதல் சாம்பிள். நகை செய்வோர் மெழுகில் உரு பிடித்து, அதைச் சுற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கிவிட்டுப் பொன் வார்ப்பர். இங்கே மெழுகின் இடத்தில் மேஸ்கிங் டேப். லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் டேப்பை நெருக்கமாக ஒட்டி, அதன் மேல் பென்சிலால் டிசைனை வரைந்து, நடுவே கத்தியால் கீறி உரித்து, அட்டையில் படிய வைக்க வேண்டும். உருண்டது தட்டையில் படியுமா? மூக்கிலும் குதியிலும் மடிப்பு விழும். எந்த மடிப்பைக் கீறிவிடுவது, எதை அமுக்குவது, பிறகு தோலை எவ்வளவு இழுத்தால் லாஸ்டில் மறுபடி உட்காரும் என்பதெல்லாம் பேட்டர்ன் மாஸ்டரின் கட்டைவிரலுக்குத்தான் தெரியும். நான் முதன்முதலாகக் கொண்டுபோன ஸ்கெட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எங்கள் மாஸ்டர்.

"படம் சூப்பராகீது தம்பி. கால் எந்தப் பக்கம் நொழையும்?"

நான் வாயை வைத்திருந்த இடத்தில் கொசுதான் நுழையும்.

இரண்டாவது ஃபிட்டிங் சாம்பிள். ஆண்களுக்கு வழக்கமாக 42-ஆம் அளவு. ஐரோப்பிய எண்ணில் ஒன்று கூடினால் லாஸ்டின் நீளம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு கூடும். எனவே 42 என்பது 28 சென்டிமீட்டர். எங்கள் ஆலையில் அந்த அளவுக்குப் பிசகாத கால் வாய்த்தவர் பேக்கிங்கில் இருந்த ஓர் அண்ணன். நாளுக்கு நாலு முறை அழைப்பு வரும். அவர் சுண்டுவிரலைச் சுளித்தால் டிசைன் திரும்பிப் போகும். இவருடையது கையெழுத்தன்று, காலெழுத்து.

மூன்றாவது கன்ஃபர்மேஷன் சாம்பிள். பையர் ஒப்புக்கொண்டு, டேக் கட்டி, சீல் வைத்தது. ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம். சரக்கில் தகராறு வந்தால் இதுவே சாட்சி. சாட்சி பிறழ்வதும் உண்டு. ஒரு பையர் தன் சாம்பிளை ஜன்னலோரம் வைத்திருந்தார். வெயிலில் டான் கலர் வெளுத்துப் போயிற்று. பிறகு போன சரக்கு முழுவதும் 'கருப்படித்திருக்கிறது' என்று புகார். பீரோவுக்குள் இருட்டிலேயே கிடந்த எங்கள் சாம்பிளைப் படமெடுத்து அனுப்பியும், தள்ளுபடி கொடுத்துத்தான் தீர்ந்தது.

சைஸ் செட், சேல்ஸ்மேன் சாம்பிள், பிரீ புரொடக்‌ஷன் சாம்பிள் என எஞ்சியவை மூன்று. சைஸ் செட்டுக்கு மட்டும் ஒரு நுட்பம் உண்டு. அளவுக்கு அளவு எல்லாம் வளரும், பக்கிள் வளராது. அதில் நுழையும் வாரின் அகலத்தையும் வளரவிடக் கூடாது. இதை மறந்து கம்ப்யூட்டரில் கிரேடிங் போட்டவர், 45-ஆம் அளவில் வார் பக்கிளுக்குள் போகாமல் நிற்பதைக் காண்பர்.

இதன்பின் நிகழ்வது உற்பத்தி. தோலை வெட்டும் அச்சான டை அடிப்பார்கள். முதுகெலும்பை ஒட்டிய இறுக்கமான தோலில் முன்பாகமும், வயிற்றுப் பக்கத்துத் தளர்ந்த தோலில் கண்ணில் படாத துண்டுகளும் வெட்டுவார்கள். விடியலில் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் பெண்கள் தைத்துக் குவிப்பார்கள். அது வேறு இயல்.

ஒழிபாக ஒன்று. ஆர்டர் ஆகாத மாதிரிகள் ரேக்கில் சேரும். எங்கள் ரேக்கில் இருந்தவை அத்தனையும் வலது கால். வாட்ச்மேன் தாத்தா வாரம் ஒருமுறை வந்து, இடது ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார்.