ஜனவரியோடு சரி!

கேள்வி: அமெரிக்காவில் முதியோர் பென்ஷனுக்குப் பணக்காரர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்கிறார்களே, நியாயமா?

பதில்: கூடுதலாகக்கூட வேண்டாம், டிசம்பர் வரை கட்டட்டுமே! அங்கே சோஷியல் செக்யூரிட்டி என்கிற அந்தப் பென்ஷன் திட்டத்துக்குச் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போடுவார். ஆனால் 2025 கணக்குப்படி 1,76,100 டாலர் வரைதான் பிடித்தம். வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் சம்பளக்காரருக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே கணக்கு தீர்ந்துவிடுகிறது. புத்தாண்டு கேக்கே தீர்ந்திருக்காது. அவர் அறையைப் பெருக்குகிற அம்மாவுக்கோ டிசம்பர் கடைசிச் சம்பளச் சீட்டிலும் பிடித்தம். ‘எங்கள் பென்ஷனுக்கும் உச்சவரம்பு உண்டே’ என்பார்கள் பணக்காரர்கள். வாஸ்தவம்தான். ஆனால் 2033 வாக்கில் கையிருப்பு காலியாகும் என்று பென்ஷன் நிதியின் அறங்காவலர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் கேட்பது? துடைப்பம் பிடித்த கையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.