நெரிசல் நெய்தல்: கல்பாக்கத்துக் கடல்நீர்த் தொட்டிகளில் மிகைமீன் பற்றிய ஓர் ஆய்வு

கடல்நீர் மீன்தொட்டியில் நெரிசல் என்பது, தொட்டியின் நீர் தாங்கும் அளவுக்கு மேல் மீன்கள் அதில் வாழும் நிலை. வாழ்ந்து முடித்த நிலையும் இதில் அடங்கும். இலக்கண முறைப்படி இதை நெய்தல் திணையில் வைப்பதே பொருத்தம். நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். தொட்டியை வீட்டுக் கூடத்தில் வைத்தாலும், ஓரங்களில் கசியும் உப்புநீரால் கூடமும் நாளடைவில் கடல் சார்ந்த இடமாகிவிடுகிறது. பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் வேளை. அலுவலகப் பேருந்து குடியிருப்புக்குத் திரும்புவதும் மீனுக்குத் தீனி விழுவதும் அந்த நேரத்தில்தான். உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். மீன் மிதக்கும்போது நேர்வது இரங்கல். புதிய மீன் பிளாஸ்டிக் பையில் வீட்டுக்குள் வரும்போதே தொடங்குவது நிமித்தம்.

முன்னோர் முடிபுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் நீர்ச்செடியையும் பொன்மீனையும் நத்தையையும் சேர்த்து வைத்து, ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு வாழ்வாகும் என்ற சமநிலைக் கொள்கையை வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த ஃபிலிப் கோஸின் நூல் கடல் தொட்டியை நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்குள் கொண்டுவந்து வைத்தது. அதன் பயனாக இங்கிலாந்தின் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டதை அவர் மகனே பின்னாளில் வருந்தி எழுதினார். சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடல்நீரையும் உயிர் படிந்த பாறையையும் நேரே கடலிலிருந்து கொண்டுவந்து, காற்றுக்குழாய் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துத் தொட்டி நடத்திக் காட்டினார். கல்பாக்கத்து வளர்ப்பாளர், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கடைசிப் பள்ளியைச் சேர்ந்தவர்.

நெரிசலுக்குக் கல்பாக்கம் ஏன் தனிக் களம் என்பதை அறியச் சென்னையோடு ஒப்பிட வேண்டும். சென்னையில் கடல் தொட்டி வைப்பவரை இரண்டு செலவுகள் அடக்கி வைக்கின்றன. ஒன்று மீன். கொளத்தூர் சந்தையில் மலிவாக மலிந்து கிடப்பவை பெரும்பாலும் நன்னீர் மீன்களே; கடல் மீன் என்றதும் கடைக்காரரின் குரல் மாறிவிடும். மற்றொன்று நீர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2013-இல் திறக்கப்பட்டது. கடலிலிருந்து அரும்பாடுபட்டு உப்பைப் பிரித்து, அந்த நீரைத் தென்சென்னைக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். அதை வாளியில் பிடித்து, கடையில் வாங்கிய செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, மறுபடி கடலாக்குபவரே சென்னை வளர்ப்பாளர். அவ்வளவு செலவு செய்தவர் மீன் எண்ணிக்கையில் நிதானமாக இருப்பார். கல்பாக்கத்தில் இரண்டும் இலவசம். கேனை வண்டியில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் நீர். வலை உதறும் இடத்தில் நின்றால் மீன்.

இலவச நீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி மரணங்கள் அங்கேதான் முடிவாகின்றன. அலை உடையும் இடத்தில் முகந்த நீரில் மணலும் வண்டலும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். அந்நுண்ணுயிர்கள் கேனுக்குள் இறந்து அழுகும். ஆகவே துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருட்டில் சில நாட்கள் தெளியவைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பருவம். கோடையில் இக்கரையின் நீரில் ஆயிரத்துக்கு 34, 35 பங்கு உப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அது 30-க்கும் கீழே இறங்கும். மேலே மழை, தெற்கே பாலாற்று முகத்துவாரம், இருபுறமும் பக்கிங்காம் கால்வாயோடு தொடர்புடைய எடையூர், சதுரங்கப்பட்டினம் காயல்கள் வாய்திறந்து கொட்டும் நீர், வடக்கிலிருந்து ஆற்றுநீர் கலந்து இறங்கும் கரையோர நீரோட்டம்: எல்லாம் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. மே மாதத்துத் தொட்டியில் டிசம்பர் மாதத்துக் கடலை ஊற்றினால், மீன் ஒரே வாளியில் ஏழு மாதம் பயணம் செய்கிறது. ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். கடலே வந்திருக்கும்போது கருவி எதற்கு என்பதுதான் வளர்ப்பாளரின் வாதம். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றுவதும் இதே வாதத்தின் கிளை. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஊற்ற வேண்டியது நன்னீர்.

இலவச மீனுக்கு வருவோம். மீனவர் வலையில் சிக்கி, விலை போகாது என்று மணலில் எறியப்படுபவையே தொட்டிகளுக்கு வந்து சேரும் வகைகள்: கிளாத்தி, பேத்தை, வண்ணாத்தி, கைவிரல் நீளக் கலவாக் குஞ்சு. காயலிலிருந்து மடவைக் குஞ்சும் வரும். ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. கிளாத்தி மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும். பேத்தை கோபத்தில் வீங்கும். வண்ணாத்தி தொட்டித் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். கலவா எதையும் குறை சொல்லாது. அதன் வாய்க்குள் அடங்கும் அயலார் ஒவ்வொருவராகக் காணாமற்போவார்கள். நெரிசலைத் தானே தீர்த்துக்கொள்ளும் ஒரே தொட்டி கலவா உள்ள தொட்டி என்பதை இவ்வாய்வு நேர்மையுடன் பதிவு செய்கிறது. இதற்கு நேர் எதிரானது நீமோ என்று குழந்தைகள் அழைக்கும் கோமாளி மீன். கடற்சாமந்தி ஒன்றில் பல கோமாளிகள் குடியிருந்தால் உருவில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை வரிசையில் காத்திருப்பவை. காத்திருப்பவை தமக்கு முன்னால் நிற்பதைவிடப் பெரிதாகாமல் தம் வளர்ச்சியையே அடக்கிக்கொள்ளும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். வரிசை ஓர் இடம் நகரும். இடத்துக்கு ஏற்றபடி ஆளைச் சுருக்கும் இந்த ஒழுங்கு, தொட்டி வைத்திருப்பவரிடம் எதிர்பார்க்க முடியாதது.

எத்தனை மீன் அதிகம்? நன்னீருக்கு ஓர் அங்குல மீனுக்கு நான்கு லிட்டர் என்பதும், கடல்நீருக்கு ஏறத்தாழ இருபது லிட்டர் என்பதும் பழைய கைக்கணக்கு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 191 லிட்டர். மணலும் பாறையும் பிடித்த இடத்தையும் மேலே விட்ட வெளியையும் கழித்தால் 150 லிட்டர் மிஞ்சும். இருபதால் வகுத்தால் ஏழரை அங்குலம். இந்த ஏழரையை மீறுவோருக்கு நேர்வதைச் சோதிடர்கள் வேறு பெயரில் ஏற்கெனவே விளக்கியிருப்பதால் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அங்குலக் கணக்கும் மேலோட்டமானதே. நீர் மீன்களை எண்ணுவதில்லை, அமோனியாவை எண்ணுகிறது. மீன் தின்ற புரதத்திலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி செவுள் வழியே அமோனியாவாக வெளியேறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டிக்காரரின் பொறுமை வழக்கமாக ஒரு வார இறுதியோடு முடியும். கடல்நீரில் இன்னொரு கேடு உண்டு. அமோனியாவின் நச்சு வடிவம் நீரின் காரத்தன்மையோடும் வெப்பத்தோடும் ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நன்னீரில் அது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். ஆகவே நெரிசலின் உண்மை அளவு தொட்டிக்கு வெளியேதான் இருக்கிறது: தீனி போடும் கைகளின் எண்ணிக்கை. காலையில் பாட்டி, பள்ளி விட்டதும் பேரன், எற்பாட்டில் வீட்டுத் தலைவர், இரவு வந்த விருந்தினர். கண்ணாடியருகே யார் வந்தாலும் மீன் முன்னே வந்து வாய் திறக்கும். அதைப் பசி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

உயிர்வளி அடுத்தது. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் உயிர்வளி கொள்ளும், கடல்நீர் 6.2 மட்டுமே. நெரிசல் தொட்டி, மோட்டார் ஓடும்வரை மட்டுமே தொட்டி. கல்பாக்கத்தில் மின்சாரம் உற்பத்தியாகிறது என்பது கல்பாக்கத்தில் மின்தடை வராது என்பதற்குச் சான்றாகாது. மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தின் மாபெரும் நெரிசல் தொட்டி எந்த வீட்டிலும் இல்லை. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு அலகுகள் 1984-இலும் 1986-இலும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைக் குளிர்விக்கும் கடல்நீர், கடற்படுகைக்கு அடியில் 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியே வருகிறது: இரு அலகும் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர். நொடிக்கு நூற்றெண்பது மூன்றடித் தொட்டிகளை நிரப்பும் நீர் அது. தொடக்க ஆண்டுகளில் அச்சுரங்கச் சுவரில் பச்சை ஆளி என்ற மட்டியும் கொட்டலசும் மற்றவையும் ஒட்டி வளர்ந்தன. அவற்றின் எடை ஐந்நூறு டன்னுக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பெரும்பங்கு பச்சை ஆளி. பருவம் வந்தால் சொறிமீன் கூட்டம் வடிகட்டி வலைகளை அடைக்கும். யாரும் வாங்கிவிடவில்லை, யாரும் தீனி போடவில்லை. ஐந்நூறு டன் உயிர் அமோனியாவில் மாண்டதாகவும் செய்தி இல்லை. காரணம் எளிது: ஒவ்வொரு நொடியும் புது நீர் தீனியையும் உயிர்வளியையும் கொண்டுவந்து, கழிவை வாரிக்கொண்டு போகிறது. சுவரில் ஒட்டிய அந்த உயிர்களை அடக்க நீரில் குளோரின் கலக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டுக் கலந்தால் ஆளி ஓட்டை மூடிக்கொண்டு காத்திருந்து பிழைத்துவிடும் என்பதால் தொடர்ந்து சிறிதளவு கலக்கும் முறையே பலன் தந்தது. அதே ஊரில் வீட்டுக்காரர் குழாய்நீரின் குளோரினை நீக்க மருந்து வாங்கி, மூன்று மீனைக் காப்பாற்றப் பாடுபடுகிறார். எவ்வளவு உயிர் தங்கும் என்பதை நீர் மாறும் வேகமே தீர்மானிக்கிறது என்ற உண்மைக்கு இதைவிடப் பெரிய சோதனைக்கூடம் வேண்டியதில்லை.

நொடிக்கு 35 கன மீட்டர் வீட்டில் சாத்தியமில்லை என்பதால் சிகிச்சை வரிசை வேறு. முதலில் தீனியைப் பாதியாக்குவது. தீனி டப்பாவைப் பூட்டி வைப்பது. பிறகு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நீர் மாற்றுவது. அடுத்து, கழிவு அமோனியாவாகும் முன்பே அதை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர். நான்காவது மருந்தை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்: மீனைக் குறைப்பது. கூடுதலான மீனைக் கடலிலோ காயலிலோ விடுவது தர்மம் போலத் தோன்றும். தொட்டியில் தொற்றிய நோயும் கூடவே போகும். இந்தோ-பசிபிக் கடல்களுக்குரிய சிங்க மீன் 1980களில் ஃபுளோரிடா கரையில் தென்பட்டு, இன்று கரீபியன் முழுதும் பெருகி அங்குள்ள சிறுமீன்களைத் தின்கிறது. தொட்டிக்காரர்கள் திறந்துவிட்டவையே அவற்றின் மூலம் என்பது ஆய்வாளரின் பொதுக்கருத்து. இடமுள்ள வேறொருவரிடமோ கடையிலோ ஒப்படைப்பதுதான் முறை. கடற்குதிரையும் பவளமும் தொட்டிக்கே வரக்கூடாதவை. 2001-இல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தன, வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

மூன்றடித் தொட்டிக்கு இவ்வாய்வு பரிந்துரைப்பது இரண்டு கோமாளி மீனும் ஒரு சிறிய கோபி மீனும். நான்காவது மீனைப் பார்க்க விரும்புவோர் மாலையில் கடற்கரைக்கு நடக்கலாம். கல்பாக்கத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது.