எதிர்ச்சுவரின் முதன்மை: வீட்டில் மாற்றப்படும் ஹெட்லைட் பற்றிய ஓர் ஆய்வு

காருக்கு முன்விளக்கு எதற்கு என்று கேட்டால், சாலை தெரிவதற்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். குழந்தை சொல்லும் விடையை அப்படியே ஏற்றுக்கொள்வது ஆய்வுலகின் வழக்கமன்று. கம்பெனி பொருத்தி அனுப்பிய ஹெட்லைட்டைக் கழற்றி, சமையலறை ஓவனில் வைத்துச் சூடாக்கி, மூடியைப் பிரித்து, உள்ளே புரொஜெக்டர் என்னும் குண்டுக் கண்ணைப் பொருத்தி, மறுபடி ஒட்டி மூடும் ஒரு கைத்தொழில் இன்று வீட்டு வராந்தாக்களில் வேர்விட்டிருக்கிறது. சென்னை என்றால் அதற்கான சரக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும்; பழைய உதிரிபாகமே போதும் என்பவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. இதில் இறங்கியவர்கள் இரவுப் பயணப் பாதுகாப்புக்காகத் தாம் உழைப்பதாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறோம். ஆனால் சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. வீட்டில் மாற்றப்படும் ஹெட்லைட் சாலைக்காக மாற்றப்படுவதில்லை, காருக்கு எதிரே நிற்கும் சுவருக்காகவே மாற்றப்படுகிறது என்பதுதான் இக்கட்டுரை நிறுவ வந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்ற பழமொழிக்கு ‘உடம்பைப் பேணு’ என்று உரை சொல்லிவந்தவர்கள், கார் வருமுன் வாழ்ந்த காரணத்தால் மன்னிக்கத்தக்கவர்கள்.

முதற்சான்று கருவியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பழைய வகை ஹெட்லைட்டில் ஒரு பல்பும், அதன் பின்னால் பளபளவென்று ஒரு குழிக்கிண்ணமும்தான் உண்டு. ஐரோப்பாவில் 1971-ல் வந்த எச்4 ஹாலஜன் பல்பு இன்றும் நம்மூர்ச் சிறிய கார்கள் பலவற்றில் எரிகிறது: ஹை பீமுக்கு 60 வாட் இழை, லோ பீமுக்கு 55 வாட் இழை. அது வெளிச்சத்தை வாரி இறைக்கும், படம் காட்டாது. புரொஜெக்டர் அப்படியல்ல. அதன் கிண்ணம் நீள்வட்டச் சாயல் கொண்டது. நீள்வட்டத்துக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றில் விளக்கு இருக்கும். அங்கிருந்து புறப்படும் ஒளி கிண்ணத்தில் பட்டு மற்றொரு குவியத்தில் வந்து கூடும். கூடும் இடத்தில் சின்னஞ்சிறு தகடு ஒன்று பாதி வழியை மறித்து நிற்கும். அதற்கும் முன்னே ஒரு குவிலென்ஸ். அந்த லென்ஸ் தகட்டின் விளிம்பைத் தலைகீழாக்கி, பெரிதாக்கி, எதிரே எறிகிறது. சுவரில் கூரான ஒரு கோடு விழுகிறது. மேலே இருட்டு, கீழே வெளிச்சம். கட்-ஆஃப் என்று அன்பர்கள் உருகுவது இதைத்தான். ஹை பீம் போட்டால் சோலினாய்டு தகட்டைச் சாய்த்துவிடும், கோடு போய்விடும். ஆகவே பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவது ஒரு தகரத் துண்டின் உருவப்படத்தை. நம் போக்குவரத்துக் காவலர்கள் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதும் இதே மறைப்பு வேலைதான், அதுவும் இலவசமாக. ஆனால் ஸ்டிக்கருக்கு முன்னால் லென்ஸ் இல்லை. அதன் விளிம்பு சுவரில் படமாக விழாது. அதனால்தான் அதைப் பார்த்து எவரும் மெய்மறந்ததாகத் தெரியவில்லை.

படம் எறியும் கருவிக்குப் படம் விழ ஓர் இடம் வேண்டும். சாலையால் அந்த இடமாக முடியாது என்பதைக் கணக்கே காட்டும். தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் லோ பீமை 100-க்கு 1 என்ற வழக்கமான சரிவில் கீழ்நோக்கி வைத்தால், அந்தக் கோடு 70 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். அவ்வளவு படுத்த கோணத்தில் விழுவது கோடாக இராது. மீட்டர் கணக்கில் இழுபட்டு, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாமல் கரைந்துவிடும். தார்ச்சாலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தாலே பெரிது. வெள்ளையடித்த சுவரோ ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பித் தரும். மழை பெய்து சாலை நனைந்தால் கேட்கவே வேண்டாம். ஒளி முன்பக்கமாக வழுக்கிப்போய் எதிரே வருபவர் கண்ணில் சேரும், செலவழித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தொலைவு கூடக்கூட ஒளி அதன் வர்க்க அளவில் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 5 மீட்டரில் நிற்கும் காம்பவுண்டுச் சுவரின்மேல் விழுவது, 50 மீட்டரில் நிற்கும் மாட்டின்மேல் விழுவதைப்போல் 100 மடங்கு. மாடு கறுப்பாக இருந்துவிட்டால் கணக்கு இன்னும் மோசம். பட்ட பாட்டுக்கு அன்றைக்கே கூலி தருவது சுவர் ஒன்றுதான்.

கருவியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, மனிதர்களின் நடத்தையையும் பார்க்க வேண்டும் என்றால், அங்கேதான் ஆதாரம் அடர்த்தியாகக் கிடைக்கிறது. கார்க் கம்பெனிகள் பல புரொஜெக்டர் லென்ஸில் வேண்டுமென்றே நுண்ணிய சொரசொரப்பை ஏற்றிக் கோட்டைச் சற்று மழுக்கிவிடுகின்றன. கோடு மிகக் கூராக இருந்தால், வேகத்தடையிலும் பள்ளத்திலும் வண்டி தலையாட்டும்போதெல்லாம் வெளிச்சத்தின் எல்லை மேலும் கீழும் துள்ளி ஓட்டுபவரின் கண்ணைக் களைக்கவைக்கும். அன்பர்களில் தீவிரமானவர்கள் அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெளிவான லென்ஸைப் பொருத்துகிறார்கள். சாலைக்காகச் செய்யப்பட்ட ஒரு நன்மையைக் காசு கொடுத்து நீக்குபவரின் மனம் சாலையில் இல்லை என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் தேவையில்லை. தெளிவான லென்ஸ் வந்ததும் கோட்டின்மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு மெல்லிய விளிம்பு தோன்றும். இயற்பியல் ஆசிரியர் இதை நிறப்பிழை என்று சொல்லி மதிப்பெண் குறைப்பார். அன்பரோ பட்டுப்புடவை எடுப்பவர் கரை பார்ப்பதுபோல் அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறார். சாலையில் அந்தக் கரை அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எதிரே வருபவருக்குத்தான், வண்டி குலுங்கும்போது, நீலமாக ஒருமுறை வெட்டிக்காட்டும். போலீஸ் வண்டி என்று எண்ணி அவர் ஒதுங்கினால் வியப்பதற்கில்லை. நிறத் தேர்வும் இதையே சொல்கிறது. கம்பெனிகள் செனான் விளக்கை 4300 கெல்வின் அளவில் வைத்தன. வீட்டில் மாற்றுபவர் 6000, 8000 என்று ஏறுகிறார். எண் ஏற ஏற நீலம் கூடுகிறது, பயன்படும் வெளிச்சம் குறைகிறது. வெள்ளைச் சுவரில் மட்டும் அது மிகவும் எடுப்பாக இருக்கிறது.

ஓவன் சடங்கைப் பற்றி ஓரிரு சொற்கள். ஹெட்லைட்டின் முன்மூடி பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். 110 முதல் 120 டிகிரியில் ஏறக்குறைய பத்து நிமிடம் வைத்தால் பசை இளகி மூடி பிரியும். மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது 147 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கேக்குக்கு 180 டிகிரி வைத்துப் பழகிய கை அதே பழக்கத்தை இங்கே காட்டினால், கார் ஒரு பக்கம் பக்கவாதம் வந்த முகத்தோடு தெருவில் போக நேரிடும். சில புதிய மாடல்களின் பசை எவ்வளவு சூட்டுக்கும் அசையாது. அவற்றை அறுத்துத்தான் திறக்க வேண்டும். மறுபடி ஒட்டும்போது ஓரத்தில் ஓர் இடைவெளி விட்டுப்போனால், வடகிழக்குப் பருவமழை அதைக் கண்டுபிடித்து உள்ளே குடியேறிவிடும். ஆய்வுக்கு முக்கியமானது இதற்குப் பின் நடப்பது. விளக்கைப் பொருத்தி முடித்ததும் காரை நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் செல்வதுதானே முறை? அது நடப்பதில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்து, போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு, காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, கைப்பேசியில் வெளிச்ச அளவைக் குறைத்துப் படமெடுக்கிறார்கள். ஆடியன்ஸ் சுவர், சாலைக்கு அழைப்பிதழே போகவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். உரையாசிரியர்கள் கடா எழுப்பி விடை சொல்வதுபோல் ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது. முதல் கடா: புரொஜெக்டரால் வெளிச்சம் உண்மையிலேயே கூடுகிறதே? கூடுகிறது, மறுக்கவில்லை. எச்4 பல்பின் லோ பீம் ஏறக்குறைய 1000 லூமென். 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதன்முதலாக வந்த செனான் தலைமுறையின் 35 வாட் டி2எஸ் விளக்கு 3200 லூமென். எச்4 கிண்ணத்துக்குள்ளேயே எல்இடி பல்பைச் செருகிவிட்டுத் திருப்தி அடைபவர்களோடு ஒப்பிட்டால், புரொஜெக்டர் வைப்பவர் முறை அறிந்தவர் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கிண்ணம் மெல்லிய இழைக்காகக் கணக்கிடப்பட்டது, வேறு எதைச் செருகினாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். ஆனால் வெளிச்சம் கூடுவது ஒன்று, தூரம் கூடுவது வேறொன்று. 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நிற்க 120 மீட்டர் பார்வை வேண்டும் என்று நம் சாலைப் பொறியாளர்கள் கொள்கிறார்கள். லோ பீம் கோடு 70 மீட்டரில் முடிந்துவிடுகிறது. தகடு அங்கேயே நிற்கும்வரை, உள்ளே எந்த விளக்கை வைத்தாலும் கோடு ஓரடிகூட நகராது. இடப்பக்க ஓரத்தில் மட்டும் அது மேலேறிச் சற்றுத் தூரம் காட்டும், அவ்வளவே. கூடுதல் வெளிச்சத்தில் பெரும்பங்கு பம்பருக்குப் பக்கத்துத் தரையில் கொட்டுகிறது. கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகி, தூரத்து இருட்டை முன்பைவிட இருட்டாகக் காண்கிறது. சாலைதான் குறிக்கோள் என்றால் மலிவான வழிகள் உண்டு. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறையும். ரிலே வைத்த தடித்த வயர் போட்டால் அது திரும்பி வரும். மஞ்சளித்த மூடியை மெருகேற்றினாலும் மீட்சி உண்டு. ஆனால் ரிலே சுவரில் எந்தக் கோட்டையும் வரையாது.

இரண்டாம் கடா நுட்பமானது: ஹெட்லைட்டின் கோணத்தைச் சரிபார்க்கக் கம்பெனிக்காரனும் சுவரைத்தானே பயன்படுத்துகிறான்? ஆம். ஆனால் அவன் கணக்கில் சுவர் 25 மீட்டர் தள்ளி இருக்கிறது. கோடு விளக்கின் உயரத்திலிருந்து 25 செ.மீ. கீழே விழ வேண்டும். 25 மீட்டர் முற்றம் உள்ள வீடு இன்று ஊரில் யாருக்கு இருக்கிறது? 5 மீட்டரில் நிற்கும் சுவரில் அந்த இறக்கம் வெறும் 5 செ.மீ. பென்சிலால் குறிக்கும்போது கோடு விளக்கு மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே போய்விட்டால், 50 மீட்டரில் அது 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். கார் ஓட்டுபவரின் கண் இருப்பதாகச் சாலைப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் உயரமும் அதே 1.2 மீட்டர். மேலும், சரிபார்ப்பது காலி வண்டியில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வண்டியிலோ பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் ஓர் அரிசி மூட்டையும் இருக்கிறார்கள். பின்பக்கம் அமுங்க, மூக்கு நிமிர, வெளிச்சம் எதிரே வருபவரைத் தேடிப் போகிறது. இதற்காகவே டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு குமிழ் பல கார்களில் உண்டு. அதைத் தொட்டவர்கள் அரியர். வெளிநாட்டுச் சரக்கு வாங்குவோர் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. அங்கே செய்த புரொஜெக்டரின் கோடு வலது ஓரத்தில் மேலேறும். நம் சாலையில் வலது ஓரம் என்பது எதிரே வருபவரின் முகம். சுவரில் பார்க்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை, ஏனெனில் சுவருக்கு இடமும் வலமும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் திருத்தம் வந்தபின், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடது விளக்கு ஒரு மாற்றம், வலது விளக்கு இன்னொன்று என்று எண்ணுவதா, இரண்டும் சேர்த்து ஒன்றா என்பது வழக்கறிஞர்களின் பிழைப்புக்கு உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 106 இன்னும் நயமானது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கண் கூசக் கூடாது என்கிறது. சட்டம் எதிரே ஒரு மனிதரை நிறுத்தி யோசிக்கிறது. அன்பர் எதிரே ஒரு சுவரை நிறுத்தி யோசிக்கிறார். இருவருக்கும் உள்ள பிணக்கு அவ்வளவுதான். லென்ஸுக்குள் சிவப்பாக ஒளிரும் ‘டெமன் ஐ’ என்ற பேய்க்கண் சாலையிலும் விழாது, சுவரிலும் விழாது, எனவே நம் கொள்கைக்கு விலக்கு ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்று விதி இருப்பதால் அது நெடுநாள் எரியப்போவதில்லை. தவிர, பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியுள்ள வண்டியில் அது திருஷ்டிக் கணக்கில் சேரும், விளக்குக் கணக்கில் அன்று.

கடைசிக் கடாதான் வலுவானது. சுவரே குறிக்கோள் என்றால், புரொஜெக்டரைக் காரில் எதற்குப் பொருத்த வேண்டும்? மேசைமேல் வைத்து எரித்தால் போதாதா? போதும், போதும் என்பதை அன்பர்களே நிரூபித்துவிட்டார்கள். மூடியை ஒட்டுமுன் ஒவ்வொருவரும் புரொஜெக்டரைக் கூடத்து மேசையில் நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து, காலண்டரைக் கழற்றிவிட்டு, எதிர்ச்சுவரில் கோட்டை விழவைத்துப் பார்க்கிறார்கள். 52-ம் பிரிவு மேசைக்குப் பொருந்தாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் எவர் கண்ணும் கூசாது. வீட்டிலுள்ளவர்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிப் போவார்கள். கலை அந்த இடத்திலேயே முற்றுப்பெற்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் விளக்கு காருக்குள் போவதற்குக் கலை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. கழற்றிய பம்பர் வராந்தாவில் நடக்க வழியில்லாமல் கிடக்கிறது. கார் இரண்டு பக்கமும் ஓட்டையாக நிற்கிறது. திங்கட்கிழமை அதில்தான் ஆபீஸ் போக வேண்டும்.