யார் அடித்தால் விசில்?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் விசிலடிக்கிறாள். "பொட்டப்புள்ள விசிலடிச்சா குடும்பம் வெளங்குமா?" என்கிறார் மாமியார். நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: குக்கர் பக்கம். அது தினமும் மூன்று விசில் அடிக்கிறது, குடும்பம் வெளங்கிக்கொண்டுதானே இருக்கிறது!

நானும் ஒருகாலத்தில் கொய்யா மரம் ஏறியவள்தான். வயதுக்கு வந்த வாரம் பந்தல், மைக் செட், தாய்மாமன் சீர், ஆல்பம் போட்டோ. ஊருக்கே ஸ்பீக்கரில் சொல்லி முடித்த கையோடு, "இனி சத்தமாப் பேசாதே, நாலு பேர் பார்ப்பாங்க" என்றார் அம்மா. அந்த நாலு பேரும் மொய் எழுதிவிட்டுப் போனவர்கள்தான். அதன்பிறகு மாதாமாதம் மருந்துக்கடை அண்ணன் நாப்கினை நியூஸ்பேப்பரில் சுற்றி, அதையும் கறுப்பு கவரில் போட்டு, கடத்தல் தங்கம்போல நீட்டுவார்.

புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தபோதும் இதே கூப்பாடுதான்: பையன்கள் கெட்டுவிடுவார்களாம். மன்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் 1912-ல் டாக்டராகி, 1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கும் போனார். கெட்டுப்போன பையன்கள் யார் யார் என்று இதுவரை ஒருவரும் பட்டியல் தரவில்லை.

மாமியாரை மட்டும் விரோதித்துக்கொள்ளாதீர்கள். மதியம் தனியாக இருக்கும்போது, "அத்தை, சின்ன வயசுல நீங்க அடிச்சிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டே அடித்துக் காட்டினாலும் காட்டுவார்.