பெட்டிக்கு மாலை, சீட்டுக்குச் சந்தை

1950-இல் சுகுமார் சென் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் பிடித்து, நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக உட்கார வைத்தார்கள். லண்டனில் கணிதம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையோ என்னவோ. முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர்கள் பதினேழு கோடிக்கு மேல். நூற்றுக்கு 85 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பட்டியல் எடுக்கப் போனபோதே வேடிக்கை தொடங்கிவிட்டது. வட இந்தியாவில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா, எழுதிக்கொள் என்றார்கள். நம் பாட்டிமார் புருஷன் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள்; அங்கே சொந்தப் பெயரே வெளியே வரவில்லை. கணக்கு வாத்தியாருக்கு "இன்னார் சம்சாரம்" என்பதெல்லாம் விடை ஆகுமா? சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

படிக்கத் தெரியாதவர் ஓட்டுப் போட அவர் செய்த ஏற்பாடு ரொம்ப எளிது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டிமேல் அவர் சின்னம்: இரட்டைக் காளை, குடிசை, யானை, இப்படி. கையில் ஒரு ரூபாய் நோட்டு அளவுக்கு ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். மறைப்புக்குள் போய்ப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். குத்தவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். எண்ணுகிறவருக்கும் மூளைக்கு வேலையில்லை. சீட்டில் யார் பெயரும் கிடையாது. காளைப் பெட்டியில் கிடந்தால் காளைக்கு, யானைப் பெட்டியில் கிடந்தால் யானைக்கு. இதற்காக 20 லட்சம் பெட்டிகள், 8,200 டன் எஃகு.

இதில் சென் மறந்தது ஒன்றே ஒன்று: இருட்டு மூலையில் ஒரு பெட்டியை வைத்து, மேலே படமும் ஒட்டி, உள்ளே தனியாகப் போய்விட்டு வா என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கும்பிடுவார்கள். கும்பிட்டார்கள். பூ வைத்தவர்கள் உண்டு. உண்டியலுக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் சீட்டோடு வேறு சிலதையும் உள்ளே தள்ளியவர்களும் உண்டு. எண்ண உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்குக் கோயில் தர்மகர்த்தா ஆன அனுபவம்.

பக்தியில்லாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மறைப்புக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போட்டாரா, மடியில் போட்டாரா, யார் கண்டது? மடியில் வெளியே வந்த சீட்டுக்கு வாசலில் விலை உண்டு. வாங்கியவர் சேர்த்து வைத்து, நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினால் அவர் ஒருவரே ஒரு தெருவின் ஜனநாயகக் கடமையை நிறைவேற்றிவிட்டு வருவார்.

போதாக்குறைக்கு 86 தொகுதிகளுக்குத் தலா இரண்டு எம்.பி.க்கள், வடக்கு வங்காளத்துக்கு மூன்று. எத்தனை எம்.பி.யோ அத்தனை சீட்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. "எனக்கு அவரைத்தான் பிடிக்கும், ரெண்டையும் அவருக்கே போடறேன்" என்கிறவருக்கு இதை எந்த வாத்தியார் விளக்குவது?

1957-லும் இதே பெட்டி வைபவம்தான். சென் பழைய பெட்டிகளைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்து மறுபடி எடுத்து, நாலரைக் கோடி ரூபாய் மிச்சம் பிடித்தார். 1962 பொதுத்தேர்தலில்தான் எல்லாருக்கும் ஒரே சீட்டு, ஒரே பெட்டி, ஒரு முத்திரை என்று ஆனது. அதற்குப் பிறகு இரண்டு சின்னத்துக்கு நடுவே குத்துவது, தலைகீழாகக் குத்துவது, மடிப்பில் மை ஒட்டி எதிரிக்கும் ஒரு முத்திரை விழுவது என்று செல்லாத ஓட்டுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. மேசையைச் சுற்றி ஏஜெண்டுகள் நின்றுகொண்டு, அரைக்கால் அங்குல மைக்காக மணிக்கணக்கில் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1982-இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. இயந்திரம் கூடாது என்று முதலில் ஹைகோர்ட்டுக்கு ஓடியவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. கோர்ட் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் நின்றார். 123 ஓட்டில் ஜெயித்தார். அந்த நிமிஷத்திலிருந்து இயந்திரம் நல்ல இயந்திரமாகிவிட்டது. இப்போது கோர்ட்டுக்கு ஓடும் முறை தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸுக்கு. அவர் லேசுப்பட்டவரல்ல, சபாநாயகராக இருந்தபோது தன் காஸ்டிங் ஓட்டாலேயே கருணாகரன் மந்திரிசபையைத் தாங்கிப் பிடித்தவர். ஓட்டின் மதிப்பு தெரியாதா? சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டு. ஜோஸ் ஜெயித்தார்.

சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் இயந்திரம் வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. அந்த இடைவெளியில்தான் நம் மொடக்குறிச்சி புகுந்தது. 1996 சட்டமன்றத் தேர்தல். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். டெபாசிட் 250 ரூபாய்தான். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். சின்னத்துக்கு எங்கே போவது? வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். தன் ஆளைத் தேடிப் பக்கம் புரட்டுகிற வாக்காளரை வெளியே கூப்பிடவும் முடியாது, உள்ளே போய் உதவவும் முடியாது.

ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்த வருஷமே டெபாசிட்டை 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள்.