வாயைத் திறக்காத வாத்தியாரு

ஏலே பேரப்பிள்ள, இங்கன வந்து ஒக்காரு. நேத்து ராத்திரி திண்ணையில நீ அளந்த அளப்புல நம்ம வீட்டு மரக்காலே தேஞ்சு போச்சு. "நான் சொல்றேன், சரியாத்தான் இருக்கும்"னு எத்தன தடவ சொன்ன?

ஒன்ன மாதிரி ஒரு ஆளு பிரான்ஸ் தேசத்துல இருந்தாரு. மெர்சென்னுன்னு ஒரு சாமியாரு. 1644-ல ஒரு பட்டியல் போட்டாரு. ரெண்டை ரெண்டாலயே இத்தன தடவ பெருக்கி, ஒண்ணக் கழிச்சா வர்றது பகா எண், ஒருத்தனும் வகுக்க முடியாதுன்னாரு. அந்தப் பட்டியல்ல 67-ம் இருந்துச்சு. 67 ரெண்டு போட்டுப் பெருக்கி ஒண்ணக் கழி. 147573952589676412927. 21 இலக்கம்! நம்மூரு கந்துவட்டிக்காரன்கூட அம்புட்டுத் தூரம் போகமாட்டான். யாரு இத ஒக்காந்து வகுத்துப் பாக்க? சாமியாரு வாக்கு இருநூறு வருசத்துக்கு மேல ஓடிருச்சு.

1876-ல லூக்காஸ்னு அதே தேசத்துக்காரரு, இது பகா எண்ணே இல்லன்னு நிரூபிச்சாரு. எதால வகுபடும்னு மட்டும் அவரு கணக்குல வரல. பானை ஒழுகுது, ஓட்டை எங்கன்னு தெரியல. அந்தக் கதைதான்.

அப்புறம் 1903, அக்டோபர் மாசம். அமெரிக்கக் கணிதச் சங்கத்துக் கூட்டத்துல பிராங்க் நெல்சன் கோலுன்னு ஒரு வாத்தியாரு எந்திரிச்சாரு. வணக்கம் இல்ல, முன்னுரை இல்ல. நேரா கரும்பலகைக்குப் போயி, அந்த 21 இலக்கத்தையும் கணக்குப் போட்டு வரவழைச்சாரு. பக்கத்துல இன்னொரு பெருக்கல்: 193707721 × 761838257287. ரெண்டு விடையும் ஒண்ணு. சாக்பீஸ வச்சாரு, ஒக்காந்தாரு. கூடியிருந்தவுக கைதட்டித் தீத்தாகளாம். எத்தன நாளுச்சுன்னு பொறவு கேட்டதுக்கு, "மூணு வருசத்து ஞாயித்துக்கெழம"ன்னாராம். நீ ஒரு ஞாயித்துக்கெழம குளிச்சாலே எங்களுக்குச் சேதி.

தாத்தா புளுகுறான்னுதான பாக்க? பழைய கணக்கப்பிள்ள சோதனை ஒண்ணு இருக்கு. மொத எண்ணோட இலக்கத்தயெல்லாம் கூட்டு: 37. திரும்பக் கூட்டு: 10. இன்னொருக்கா: 1. ரெண்டாவது எண்ணு 64, அதுவும் 1-ல வந்து நிக்கும். ஒண்ணும் ஒண்ணும் பெருக்குனா ஒண்ணு. அந்தப் பெரிய எண்ணக் கூட்டு: 109, பத்து, ஒண்ணு. ஒத்துக்கிச்சா? துள்ளாத. ஒத்துக்கலன்னா தப்புன்னு நிச்சயம். ஒத்துக்கிட்டா சரின்னு நிச்சயம் இல்ல. ஒன்னயப் பொண்ணு பாத்துட்டுப் போனவுக சிரிச்சுக்கிட்டே போன மாதிரிதான்.

இன்னொண்ணு. ரெண்டு காரணியில எத 134-ஆல வகுத்தாலும் மிச்சம் ஒண்ணுதான் வரும். 134 எங்கருந்து வந்துச்சு? 67-ஓட ரெட்டிப்பு. இந்த எண்ணுக்கு எந்தப் பகாக் காரணி இருந்தாலும் அப்படித்தான் இருந்தாகணும். அதனால கண்ட எண்ணையெல்லாம் தொட வேண்டியதில்ல.

நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? இந்தா தாளு, இந்தா பென்சிலு. அந்த ரெண்டையும் பெருக்கி வையி. செல்ல என்கிட்டக் குடுத்துட்டுப் போ.